இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு வாட்ச்

கோட்டையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். பந்தி முடிந்து வளவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரத் தம்பி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினார். நாலு வாட்ச் படங்கள்.

"அண்ணே, மூணு மாசத்துக்கு ஒருக்கா சிங்கப்பூர் போய் வர்ற வேலை. ரெண்டு ஊர் மணியும் தெரியணும், தினமும் கட்டணும், பெருசா இருக்கக் கூடாது. பத்தாயிரத்துக்கு மேல போக முடியாது. இதுல எது?"

அவர் கையைப் பார்த்தேன், ஒல்லியான மணிக்கட்டு. படத்தில் இருந்த நாலில் மூன்று, அந்தக் கையில் கட்டினால் தாம்பாளம் மாதிரி இருக்கும்.

இதே கேள்வியோடு இதற்கு முன்பும் சிலர் வந்திருக்கிறார்கள். மகளைப் பார்க்க நானும் ஆண்டுக்கு ஒரு முறை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் வருகிறவன். வாட்ச் கிறுக்கும் கொஞ்சம் உண்டு. அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

## முதலில் எதைப் பார்ப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் அரை மணி. உலகத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு இடையே நேர வித்தியாசம் முழு மணிக்கணக்கில் இருக்கும். நமக்கு அப்படி இல்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். கத்தார், குவைத், சவூதி இரண்டரை மணி பின்னால். பயண வாட்ச் செய்கிறவர்கள் முழு மணியை மனதில் வைத்துச் செய்கிறார்கள். நம்முடைய அரை மணி அங்கேதான் இடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1981 முடியும்வரை சிங்கப்பூருக்கும் நமக்கும் சரியாக 2 மணி நேரம்தான் வித்தியாசம். தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு சேர்க்க அரை மணி முன்னால் தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. 1982 சனவரி 1 முதல் அது இரண்டரை ஆனது. "மலேயாவுக்கும் நமக்கும் ரெண்டு மணிதானே" என்று எங்கள் அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கணக்குப்படி தப்பே இல்லை.

அடுத்தது அளவு. கடைக்குப் போகுமுன் மணிக்கட்டில் ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். 15 முதல் 16.5 செ.மீ. வரை இருந்தால் 36 முதல் 39 மி.மீ. அகல வாட்ச் அழகாக உட்காரும். பெட்டியில் அகலம் மட்டும்தான் போட்டிருப்பார்கள். ஸ்ட்ராப் கோக்கிற மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை உள்ள நீளம்தான் உண்மையில் கையில் தெரிவது. 16 செ.மீ. கைக்கு அது 47 மி.மீ. தாண்டினால் காது இரண்டும் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, தூக்கக் கலக்கத்தில் படிக்க முடியுமா என்பது. இறங்குகிற ஊரில் விடியற்காலை, கண் எரிகிறது. அப்போது கணக்குப் போட வைக்கிற வாட்ச் வேண்டாம்.

கடைசியாக, வாங்கிய பிறகு வரும் செலவு. செல், ஸ்ட்ராப், தண்ணீர், நம் வெயில், வேர்வை. கடைக்காரர் இதில் எதையும் சொல்ல மாட்டார்.

## உலக நேரம் காட்டும் டிஜிட்டல்

இதில் ஊருக்கே தெரிந்தது கேசியோவின் ஏ.இ.-1200. சதுர முகம், மேலே குட்டி உலகப் படம், பக்கத்தில் முள் வாட்ச் மாதிரி ஒரு சின்ன வட்டம். 4,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அகலம் 42.1 மி.மீ., நீளம் 45 மி.மீ. என்று படித்தால் பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்த 45-தான் முழு நீளமே. தனியாகக் காது நீட்டிக்கொண்டு இருக்காது. எடை 39 கிராம். ஒல்லிக் கையிலும் உறுத்தாது. 39 மி.மீ. என்று எழுதியிருக்கும் சில முள் வாட்சுகளைவிட இது சின்னதாகத் தெரியும்.

அரை மணிச் சிக்கல் இதற்குக் கிடையாது. 48 ஊர்கள் உள்ளே இருக்கின்றன. சொந்த ஊர் என்று டெல்லியை வைத்துவிட்டால் நம் நேரம். உலக நேரப் பக்கத்தில் சிங்கப்பூரை வைத்தால் இரண்டரை மணி தானாக வந்துவிடும். காத்மாண்டு நமக்கு 15 நிமிடம் முன்னால்; அதுகூட உள்ளே இருக்கிறது. ஊர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் டாக்காவுக்கும் பாங்காக்குக்கும் நடுவில் ஆர்.ஜி.என். என்று மூன்று எழுத்து வரும். ரங்கூன். அந்த ஊர் யாங்கோன் ஆகி எத்தனையோ காலமாகிவிட்டது, விமான நிலையக் குறியீட்டில் இன்னும் ரங்கூன்தான். பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ அந்த நாலாயிரம் செரித்துவிட்டது.

செல் ஏறத்தாழ 10 வருடம் நிற்கும் என்பது கம்பெனி கணக்கு. 100 மீட்டர் தண்ணீர்த் தாக்குப்பிடிப்பு இருப்பதால் ஊருணியில் இறங்கிக் குளிக்கலாம், பழனி நடைப் பயணத்தில் வேர்வை பற்றிக் கவலை இல்லை.

குறைகளும் உண்டு. இரவு விளக்கு ஓரத்திலிருந்து வருகிறது, திரை முழுக்கச் சமமாகப் பரவாது. லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அந்த மாற்றத்தை நாமேதான் பட்டனை அழுத்திப் போட வேண்டும். மகன் அமெரிக்காவில் இருக்கிறவர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் இதை மறந்துவிட்டு, அகால நேரத்தில் போன் போட்டு வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். ரெசின் என்கிற பிளாஸ்டிக் ஸ்ட்ராப் சில வருடத்தில் வெடிக்கும். கடையில் தொங்குகிற எல்லா ஸ்ட்ராப்பும் இதற்குப் பொருந்தாது. இதற்கென்று உள்ளதைத் தேட வேண்டும். அப்புறம், பட்டு வேஷ்டிக்கு இது எடுபடாது. எனக்கு அதில் வெட்கமில்லை, ஆனால் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது.

## நாலாவது முள் உள்ள ஜி.எம்.டி. வாட்ச்

தம்பி காட்டிய நாலு படத்தில் இரண்டு இந்த வகை. பார்க்க அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று முள்ளோடு, 24 மணி நேரத்தில் ஒரே ஒரு சுற்று வருகிற நாலாவது முள். சுற்றி 24 வரை எண் போட்ட வளையம். வழக்கமான முட்கள் நாம் இருக்கிற ஊருக்கு, நாலாவது முள் சொந்த ஊருக்கு.

நம் ஆட்கள் ஏமாறுகிற இடமும் இதுதான். நாலாவது முள் ஒவ்வொரு மணியாகத்தான் தாவும். சிங்கப்பூரில் பகல் 12:30. அப்போது காரைக்குடியில் காலை 10. வாட்ச் 12:30 காட்டும்போது நாலாவது முள் 9:30-ல் நிற்கும், அல்லது 10:30-ல் நிற்கும். என்ன திருகினாலும் 10-ல் நிற்காது.

விலை கூடிய இன்னொரு வகையில் நாலாவது முள் அசையாமல் இருக்க, சின்ன முள் தனியாகத் தாவும். உண்மையான பயண வாட்ச் இதுதான் என்பார்கள். வாட்ச் ஓட்டத்தை நிறுத்தாமலே ஊர் மாற்றலாம் என்பது அதன் பெருமை. நமக்கு அந்தப் பெருமையால் பலன் இல்லை. இரண்டு தாவு தாவினால் அரை மணி குறைவு, மூன்று தாவினால் அரை மணி கூடுதல். அதைச் சரிசெய்யச் சாவியை முழுக்க இழுத்துப் பெரிய முள்ளை நகர்த்தினால், ஊர் நேரம் காட்டுகிற முள்ளும் கூடவே அரை மணி நகர்ந்துவிடும்.

ஒரு வழி உண்டு. வளையம் கையால் சுற்றுகிற வகையாக இருந்து, கிளிக் இல்லாமல் வழுக்கிச் சுற்றினால், அதை அரை மணி அளவு தள்ளி வைத்துப் படிக்கலாம். 24 கிளிக் மட்டும் உள்ள வளையத்தில் முடியாது. 48 இருந்தால் முடியும். கடையில் இதைச் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சீக்கோ 2022-இல் கொண்டுவந்த 5 ஸ்போர்ட்ஸ் ஜி.எம்.டி.யில் கிளிக் இல்லாத வளையம் இருக்கிறது, ஆனால் அகலம் 42.5 மி.மீ. பிறகு வந்த 39.4 மி.மீ. மாடல் கைக்குப் பொருந்தும், அதில் வளையம் சுற்றாது. எனக்கு இதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. இரண்டுமே 30,000 ரூபாய்க்கு மேல், தம்பியின் கணக்கில் வரவே வராது. செல் போடுகிற குவார்ட்ஸ் ஜி.எம்.டி.யில் டைமெக்ஸின் 38 மி.மீ. மாடல் அளவில் நல்லது. இந்த வகை பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தாண்டும்.

செல் இல்லாமல் கை அசைவிலேயே ஓடுகிற ஆட்டோமேட்டிக் வாங்கினால் இன்னும் சில சங்கடங்கள். அந்தச் சீக்கோ எந்திரத்துக்குக் கம்பெனி ஒத்துக்கொள்கிற பிழையே ஒரு நாளைக்கு 45 வினாடி கூடுதல் முதல் 35 வினாடி குறைவு வரை. நல்ல வாட்ச் அதைவிட ஒழுங்காகத்தான் ஓடும், ஆனாலும் மாதத்துக்குச் சில நிமிடம் போகலாம். கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குள் நின்றுவிடும். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை வரை தேதியை மட்டும் தனியாக மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், திருகினால் பல் உடையலாம். விமானத்தில் உட்கார்ந்து நாம் வாட்சைத் திருகுகிற நேரம் பெரும்பாலும் அதுதான்.

அப்படியானால் இது யாருக்கு? துபாயில் வேலை பார்த்துக்கொண்டு சிங்கப்பூர், லண்டன் என்று சுற்றுகிறவருக்கு நன்றாக உதவும். அந்த ஊர்களுக்கு இடையே முழு மணி வித்தியாசம்தான். யாங்கோன் போகிறவருக்கும் சரியாக வரும், நமக்கும் அதற்கும் சரியாக 1 மணி. ஐயா காலத்துப் பர்மாவுக்கும், 1981 வரை இருந்த மலேயா நேரத்துக்கும் பொருந்துகிற வாட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## சுழலும் வளையம் மட்டும் உள்ள வாட்ச்

நாலாவது முள் இல்லை. சாதாரண மூன்று முள், வெளியே 12 வரை எண் போட்டுச் சுற்றுகிற வளையம். பேசப்படாத வகை, எனக்குப் பிடித்த வகை.

வாட்ச் ஊர் நேரத்திலேயே ஓடட்டும். சிங்கப்பூருக்கு, வளையத்தில் 2-க்கும் 3-க்கும் சரி நடு, வாட்சின் 12-க்கு நேராக வரும்படி சுற்றுங்கள். அவ்வளவுதான். ஊரில் மாலை 6 ஆகும்போது சின்ன முள் வளையத்தின் 8-க்கும் 9-க்கும் நடுவில் நிற்கும். எட்டரை. அரை மணி இங்கே ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் சின்ன முள் இயல்பிலேயே நடுவில் நிற்கத் தெரிந்தது. நிமிடத்துக்கு மட்டும் 30 கூட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் வளையத்தை 12-க்குக் கொண்டுவந்துவிடலாம். சாவியைத் தொடவே வேண்டாம்.

வளையத்தில் நிமிடம் போட்ட முக்குளிப்பு வாட்ச் கையில் இருந்தாலும் இதைச் செய்யலாம். ஐந்து நிமிடம் ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டரை நிமிடக் கோடு மேலே வர வேண்டும். 120 கிளிக் உள்ள வளையத்தில் அது சரியாக உட்காரும்.

சங்கடம் என்னவென்றால் சின்ன அளவில் கிடைப்பது அரிது. வளையம் உள்ள வாட்ச் என்றாலே 42, 44 மி.மீ. என்று செய்து தள்ளுகிறார்கள். 40-க்குள் கண்ணில் பட்டால், விலையும் ஒத்துவந்தால், விடாதீர்கள். வெளியே உள்ள வளையத்துக்கு அடியில் நம் செம்மண் தூசி ஏறும். மாதம் ஒரு முறை பழைய பல் துலக்கும் பிரஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும்.

## சாதாரண மூன்று முள், சின்ன வாட்ச்

டைட்டனோ சொனாட்டாவோ, 36 அல்லது 38 மி.மீ., 2,000 முதல் 6,000 ரூபாய் வரை. கல்யாண வீடு, வங்கி, கோவில் எங்கும் பொருந்தும். ஒசூரில் தொழிற்சாலை வைத்திருக்கிற கம்பெனி என்பதால் உதிரி பாகத்துக்குச் சிங்கப்பூர் வரை அலைய வேண்டாம்.

இன்னொரு ஊர் நேரம்? மனக்கணக்குதான். சிங்கப்பூர் என்றால் மூன்று கூட்டி அரை கழி. லண்டனுக்கு மட்டும் ஒரு தந்திரம் உண்டு: குளிர்காலத்தில் வாட்சைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஊரில் 3:30 என்றால் தலைகீழாக 10 மணி போலத் தெரியும். ஐந்தரை மணி வித்தியாசம் தருகிற இலவச வசதி இது. கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வகையில் மறைந்திருக்கும் செலவு செல்தான். நான் பட்ட கதையைச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் வாட்ச் நின்றுவிட்டது. வழியில் ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் முதுகைத் திறந்து செல் மாற்றி, மூடியை உள்ளங்கையால் அமுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். சாயங்காலம் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து, டயலில் 4-க்குப் பக்கத்தில் ஒரு முத்து மாதிரித் தண்ணீர் நிற்கிறது. மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் வளையம் அந்தக் கடை மேசையிலேயே தங்கிவிட்டது. தண்ணீரை எடுத்துவிட்டோம், ஆனால் ஒரு வருடத்தில் அந்தச் செல்லும் கசிந்து எந்திரத்தையே தின்றுவிட்டது. உள்ளே இருந்தது மலிவான ஆல்கலைன் செல். இந்த வகை வாட்சுக்குச் சில்வர் ஆக்சைடு செல் போட வேண்டும், பெரும்பாலும் எஸ்.ஆர். என்று தொடங்கும் எண். எல்.ஆர்., ஏ.ஜி. என்று தொடங்கினால் ஆல்கலைன். விலை வித்தியாசம் சில பத்து ரூபாய்தான். மின்வேதியியலுக்கென்று மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிற காரைக்குடியில் எனக்கு இது தெரியாமல் போனதில் இன்னும் கொஞ்சம் கூச்சம்.

வாட்ச் முதுகில் 30 மீட்டர் என்றோ 3 பார் என்றோ இருந்தால் மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும் மட்டும் என்று பொருள். குளிக்க அல்ல. தோல் ஸ்ட்ராப் நம் சித்திரை வெயிலில் ஒரு வருடம் தாங்கினாலே அதிகம்; நாடா மாதிரி நைலான் ஸ்ட்ராப் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நாளுக்கு ஒன்று மாற்றலாம்.

பழைய எச்.எம்.டி. பற்றியும் கேட்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். அளவு அருமை, 35 மி.மீ. சுற்றில் இருக்கும். தினமும் சாவி கொடுக்க வேண்டும், தண்ணீர் ஆகாது. வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் அரசு முடிவெடுத்தது; அதனால் புதிய டயலும் கலப்பு பாகங்களும் போட்டுப் பழசு என்று விற்பவை நிறைய. ஆசைக்கு வாங்கலாம். விமானத்தைப் பிடிக்க அதை நம்ப வேண்டாம்.

## ஸ்மார்ட் வாட்ச்

போனைப் பார்த்துத் தானே நேரம் மாற்றிக்கொள்ளும், அரை மணி கால் மணி எல்லாம் சரி. ஆனால் பையில் இன்னொரு சார்ஜர் வேண்டும். சில வருடத்தில் பேட்டரி தளர்ந்துவிடும், மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்பார்கள். நடைக் கணக்கு, நாடித் துடிப்பு வேண்டும் என்கிறவர் வாங்கட்டும். மணி பார்க்க மட்டும் என்றால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | அரை மணி | சின்ன கைக்கு | ஏறத்தாழ விலை (ரூ.) | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| உலக நேர டிஜிட்டல் | சிக்கல் இல்லை | பொருந்தும் | 4,000 | தனி வடிவ ஸ்ட்ராப் |
| ஜி.எம்.டி. | இடிக்கும்; வளையம் வழுக்கினால் சமாளிக்கலாம் | தேட வேண்டும் | 10,000-க்கு மேல்; ஆட்டோமேட்டிக் 30,000-க்கு மேல் | ஆட்டோமேட்டிக்குக்கு சர்வீஸ் |
| சுழலும் வளையம் | சிக்கல் இல்லை | அரிது | மாடலைப் பொறுத்தது | தூசி |
| சாதாரண மூன்று முள் | மனக்கணக்கு | மிக நன்று | 2,000–6,000 | செல், ரப்பர், தோல் ஸ்ட்ராப் |
| ஸ்மார்ட் வாட்ச் | தானே மாறும் | பார்த்து வாங்க வேண்டும் | பல விலை | சில வருடத்தில் முழு வாட்சும் |

## யாருக்கு எது

மாதக்கணக்கில் ஒரே ஊரில் தங்குகிறவர் சாதாரண மூன்று முள்ளை வாங்கி, இறங்கியதும் அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். ஊரில் மணி என்ன என்பது இரண்டு வாரத்தில் மனதில் பதிந்துவிடும். அடிக்கடி போய் வருகிறவர், போன வேகத்தில் திரும்புகிறவர், டிஜிட்டல். நாலு ஊருக்கு வியாபாரம் பேசுகிறவரும் அதே. ஜி.எம்.டி.யை அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதுவும் நியாயமான காரணம்தான்.

ஊரிலேயே இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் போன் போட மட்டும் நேரம் தெரிய வேண்டும் என்கிற ஆச்சிமார் வாட்சே வாங்க வேண்டாம். பட்டாலையில் இருக்கிற கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர்க்கடிகாரம், 300 ரூபாய், இரண்டரை மணி தள்ளி வைத்துக் கீழே ஊர் பெயரை ஒட்டிவிட்டால் முடிந்தது.

வெளியூரில் வாங்குவதாக இருந்தால் ஒன்று கேளுங்கள்: உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா, அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா? இல்லையென்றால் சல்லிசாகக் கிடைத்த காசு முதல் ரிப்பேரிலேயே போய்விடும்.

கோட்டையூர்த் தம்பி கடைசியில் இரண்டு வாங்கினார். டிஜிட்டல் ஒன்று, 36 மி.மீ. மூன்று முள் ஒன்று, சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். போன வாரம் சிங்கப்பூரிலிருந்து பேசினார். மூன்று முள் வாட்ச் ஊர் நேரத்திலேயே வீட்டில் இருக்கிறதாம். அவர் மனைவி கட்டிக்கொண்டிருக்கிறாராம். அளவு சரியாக இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டாராம்.